கழுத்தில் விழுந்த மாலை

(எழுதி, அனுப்பாமல் பெட்டியில் வைத்தது)
மண்ணூர்
12.1.2025

அன்புள்ள அம்மாவுக்கு மாரிசெல்வி எழுதுவது. உன் முட்டுவலி எப்படி இருக்கிறது? சத்துணவுக்கூடத்துப் புகை கண்ணுக்கு ஆகாது என்று சொன்னேன், கேட்டாயா? நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை.

போனில் சொன்னால் உனக்குக் காது கேட்காது. அண்ணன் மகாராஜாவிடம் சொன்னால் ஊருக்கே கேட்டுவிடும். வீட்டுக்குப் போட்டால் அவன் பிரித்துப் படிப்பான். அதனால் வழக்கம்போல உன் பள்ளிக்கூட விலாசம்.

கார்த்திகையிலிருந்து என் இடது கழுத்தில் மூன்று கட்டிகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. ஐம்பத்தொரு கிலோ இருந்தவள் நாற்பத்து நான்காகிவிட்டேன். எட்டு மணி நேரம் நின்றபடி காருக்கு வயர் கட்டுகிற வேலை, அதில் இளைத்தேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். எங்கள் ஷிப்ட் பஸ் ஓட்டுகிற யாக்கோபு, இதே மண்ணூர்க்காரர், கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கழுத்து இப்டி வீங்கிக்கீது? டாக்டராண்ட காட்னியா இல்லியா?" என்று கேட்டார். அவரே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஊசி குத்தி எடுத்துச் சோதித்தார்கள். டிபி. நுரையீரலில் இல்லை, கழுத்து நெறிக்கட்டியில் மட்டும். யாருக்கும் தொற்றாது, ஆறு மாதம் மாத்திரை தின்றால் போய்விடும் என்றார் டாக்டரம்மா.

தமிழ் பி.ஏ. படித்த தலையெழுத்து, நோயைவிட அதன் பெயர்தான் என்னை அரிக்கிறது. டியூபர் என்றால் கிழங்கு மாதிரிப் புடைப்பு. டியூபர்கிள் என்றால் குட்டிப் புடைப்பு. அதாவது என் கழுத்தில் சேப்பங்கிழங்கு விளைகிறது. நம் வைத்தியத்தில் இதற்குக் கண்டமாலை என்று பெயர். கண்டம் என்றால் கழுத்து என்று நினைத்தேன். அகராதி அதைக் கட்டி என்கிறது. வடமொழியில் இரண்டும் வேறு வேறு சொல்லாம், தமிழில் ஒரே எழுத்து. கட்டிகளைக் கோத்த மாலை. சீழைப் பார்த்து மாலை என்று சொல்ல ஒருவனுக்கு நாக்கு வந்திருக்கிறதே, அதை நினைத்தால் குமட்டுகிறது.

இப்போதுதான் புரிகிறது. எனக்கு எட்டு வயதில், பக்கத்து வீட்டு ராஜம்மா அக்காவைப் பற்றி அடுப்படியில் சொன்னாய்: "அவ கழுத்துல மால விழுந்துட்டு. இனிமே அந்த வீட்டுல பச்சத்தண்ணி குடிக்கப்பிடாது." ஆறு மாதத்தில் அக்கா காய்ச்சலில் செத்துப்போனாள். அதுதானே இது?

டிபி என்ற சொல்லை உனக்கு அனுப்ப மனம் வரவில்லை. உன் சொல்லிலேயே எழுதுகிறேன்.

*

மண்ணூர்
15.1.2025

அன்புள்ள அம்மாவுக்கு மாரிசெல்வி எழுதுவது. முட்டுவலிக்குத் தைலம் தேய்க்கிறாயா? பொங்கலுக்கு வர முடியவில்லை, லைனில் ஆள் இல்லை என்று லீவு தரவில்லை. விடுதியில் சர்க்கரைப் பொங்கல் என்று ஒன்று போட்டார்கள். அதை வைத்துச் சுவரொட்டி ஒட்டலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் கழுத்தில் மாலை விழுந்துவிட்டது. ராஜம்மா அக்காவைப் பற்றிச் சொல்வாயே, அதேதான். நானாகத் தேடிப் போனதில்லை. கார்த்திகையிலேயே தொடங்கியது, நான்தான் துப்பட்டாவால் மூடிக்கொண்டு திரிந்தேன். டாக்டரம்மா பார்த்து உறுதியாகச் சொல்லிவிட்டார். ஆறு மாதம் ஆகுமாம். அதுவரை பாலும் முட்டையும் தவறக்கூடாதாம். கூட வந்ததும் கையெழுத்துப் போட்டதும் யாக்கோபு என்கிறவர், எங்கள் பஸ் ஓட்டுபவர். அவர் இல்லையென்றால் என் கதி என்னவோ.

அண்ணனுக்கு இப்போது தெரிய வேண்டாம். எல்லாம் முடிந்ததும் நானே வந்து சொல்கிறேன். நீ கலங்காதே, உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மகள்
மாரிசெல்வி

*

நடுவக்குளம்
29.1.2025

மாரிசெல்விக்கு. நான் உயிரோடு இருக்கிறேன். முட்டுவலி பற்றி நீ விசாரிக்க வேண்டாம்.

உன் கடிதத்தை உலை முன்னால் நின்று படித்தேன். உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன், பிள்ளைகள் சாம்பாரைத் துப்பினார்கள். கலங்காதே என்று வேறு எழுதியிருக்கிறாய். எழுத உனக்குக் கை கூசவில்லையா? உன்னைப் படிக்க வைத்தது இதற்கா? இது யாரால் வந்தது என்று கேட்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அந்த அசிங்கத்தைச் சுமந்துகொண்டு இந்த ஊர்ப் பக்கம் வராதே. பங்குனிப் பொங்கலுக்கும் வராதே, நான் செத்தாலும் வராதே. உன்னைத் தலைமுழுகிவிட்டேன். அண்ணனுக்குப் போன் செய்யாதே. கலைக்க வழி இருந்தால் இப்போதே கலைத்துவிடு.

அன்னக்கிளி

*

மண்ணூர்
9.2.2025

அம்மாவுக்கு. அம்மா என்று எழுதலாம் என்று நினைக்கிறேன், நீ கீழே பெயரை மட்டும் போட்டிருந்தாலும்.

யாரால் வந்தது என்று கேட்டாய். எனக்கே தெரியாது. அறையில் பத்துப் பேர், லைனில் நாற்பது பேர், பஸ்ஸில் ஐம்பத்திரண்டு பேர். இதில் யாராகவும் இருக்கலாம், எப்போது என்றும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டரம்மா. கலைக்க முடியாதாம். முழுதாகத் தாங்கித்தான் தீர வேண்டுமாம்.

ஊர் அருவருக்கும் என்று தெரியும். அதற்குத்தான் துப்பட்டா போட்டேன். உன்னிடமும் போட வேண்டும் என்று தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

மாரிசெல்வி

*

மண்ணூர்
23.3.2025

அம்மாவுக்கு. ஆறு வாரம் ஆயிற்று, ஒரு கார்டுகூட இல்லை. நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் நான் எப்படி இருக்கிறேன் என்று சொல்லத்தான் போகிறேன். பிடிக்காவிட்டால் அடுப்பில் போடு.

காலையில் மாத்திரை விழுங்கினால் மத்தியானம் வரை வாயில் துருப்பிடித்த ஆணி. சிறுநீர் ஆரஞ்சு வண்ணத்தில் போகிறது. விடுதியில் பத்துப் பேருக்கு ஒரு கக்கூஸ், கதவில் தாழ்ப்பாளுக்குப் பதில் சணல். நான் போய்வந்த பிறகு மூன்று வாளி தண்ணீர் ஊற்றுகிறேன். ஒருநாள் மறந்துவிட்டேன். எனக்குப் பின்னால் போனவள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, யாருக்கோ ரத்தமாகப் போகிறது என்று அறை முழுக்கச் சொன்னாள். நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு "சீ" என்றேன். என்மேல் எனக்கே அப்படி ஓர் அருவருப்பு வந்தது.

டாக்டரம்மா தந்த சீட்டில் கேசியஸ் என்று ஒரு சொல். தேடிப் பார்த்தேன். லத்தீனில் பாலாடைக்கட்டி என்று பொருள். என் கழுத்துக்குள் இருப்பது பார்க்கப் பாலாடைக்கட்டி மாதிரி இருக்கிறதாம். அன்றைக்கென்று கேன்டீனில் பனீர் குழம்பு. தட்டோடு வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். கண்டமாலைக்கு இங்கிலீஷில் ஸ்க்ரோஃபுலா. அது ஸ்க்ரோஃபா என்ற சொல்லிலிருந்து வந்ததாம். குட்டி போடும் பெண்பன்றி. நம்மவன் மாலை என்றான், அவன் பன்றி என்றான். பன்றியாவது உண்மைக்குக் கொஞ்சம் பக்கம். காசநோய் என்கிறார்களே, காசம் என்றால் வெறும் இருமல். இருமலே இல்லாத எனக்கு இருமல் நோய் என்று அட்டை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நகலை இதோடு வைத்திருக்கிறேன், பார்.

என் கீழ்க்கட்டிலில் இருந்த சுகப்பிரியா மூன்று மாதம் நிஜமாகவே இருமினாள். பரிசோதனைக்கு அனுப்பவில்லை. சூப்பர்வைசர் பலராமன் வந்து, "உனக்கு வீக்னெஸ்மா. ஊருக்குப் போயி நல்லா ரெஸ்ட் எடுத்துகினு வா" என்றார். கேட் பாஸிலும் வீக்னெஸ் என்றுதான் எழுதினார்கள். அவள் படுத்திருந்த மெத்தையைப் பினாயில் விட்டுத் துடைத்து, சாயங்காலத்துக்குள் புதுப்பெண்ணைப் படுக்க வைத்தார்கள். எனக்கு டிபி என்று தெரிந்தால் எனக்கும் வீக்னெஸ்தான் வரும். அப்புறம் நான் எங்கே போக? நீ வராதே என்றுவிட்டாய்.

மாரிசெல்வி

*

நடுவக்குளம்
2.4.2025

என் அன்பு மகள் மாரிசெல்விக்கு அம்மா எழுதுவது. நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் தங்கம்? சாப்பிடுகிறாயா?

டிபிதானா? இதை முதலிலேயே சொல்ல வேண்டியதுதானே, பைத்தியக்காரி. அட்டையை மூன்று தடவை படித்தேன். படித்ததும் காளியம்மனுக்கு விளக்குப் போட்டேன். பிள்ளைகளுக்கு அன்று சுண்டலை அள்ளி அள்ளி வைத்தேன், டீச்சர் என்ன விசேஷம் என்று கேட்டார். மாலை விழுந்தது, ஆறு மாதம், யாக்கோபு கையெழுத்து என்று நீ எழுதினால், சாதி விட்டுக் கல்யாணம் முடித்து வயிற்றில் சுமக்கிறாய் என்றுதானே நினைப்பேன்? அதற்குமேல் பத்துப் பேர், நாற்பது பேர் என்று ஒரு கடிதம். அதைப் படித்து மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஊருக்கு வந்துவிடு. யார் கேட்டாலும் டைபாய்டு என்று சொல்லலாம். டிபி என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க முடியாது. அண்ணனிடம் பக்குவமாகச் சொல்கிறேன். அந்த யாக்கோபு யார்?

உன் அம்மா
அன்னக்கிளி

*

மண்ணூர்
14.4.2025

அம்மாவுக்குப் புத்தாண்டு வணக்கம். நலம்தான். எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது.

உன் கடிதத்தைப் பஸ்ஸில் வைத்துப் படித்தேன். முதலில் சிரித்தேன். ஒரகடத்தில் கம்பெனி வாசலில் இறங்கும்போது வாந்தி எடுத்தேன், மாத்திரையால் அல்ல. மகளுக்கு டிபி என்று விளக்குப் போட்ட தாயை நான் எந்தக் கதையிலும் கேட்டதில்லை. என் கழுத்தில் சீழ் வைத்தால் உனக்குச் சுண்டல், பூ விழுந்தால் தலைமுழுக்கு. அப்படித்தானே? சாதி விட்டுச் சாதி போவதைவிட மகள் உருகிச் சாவது மேல். எழுதும்போதே கை நாறுகிறது.

விடுதி டிவியில் ஓயாமல் அட்சய திருதியை விளம்பரம். க்ஷயம் என்றால் தேய்வது, அதுதான் என் நோய்க்குப் பழைய பெயர். முன்னால் ஓர் அ போட்டால் தேயாதது, நகைக்கடைக்காரன் சொல். சந்திரனுக்கு வந்து அவன் தேய்ந்த நோய்க்கு ராஜயட்சுமம் என்று பெயர் வைத்தார்கள், நோய்களுக்கெல்லாம் ராஜாவாம். நம் வீட்டில் ஏற்கெனவே ஒரு மகாராஜா இருக்கிறான், இது இரண்டாவது.

ஒன்று மட்டும் சொல். ராஜம்மா அக்கா கழுத்தில் விழுந்தது பூமாலை என்றால், அவள் எந்த நோயில் செத்தாள்?

மாரிசெல்வி

*

நடுவக்குளம்
4.5.2025

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. பள்ளிக்கூடம் லீவு. தபால்காரர் வீட்டுக்கு வராமல் கிணற்றடியில் தேடி வந்து கையில் கொடுத்தார், நல்ல மனுஷன். எடை கூடியது கேட்டுச் சந்தோஷம். மாத்திரையை ஒருநாள்கூட விடாதே.

நீ கேட்டதற்கு எழுதுகிறேன். படித்ததும் எரித்துவிடு.

எனக்குக் காது போனது டைபாய்டில் இல்லை. உன் அண்ணன் கைப்பிள்ளையாக இருந்தபோது எனக்கு இந்த நோய் வந்தது. எலும்புருக்கி என்பார்கள் அப்போது. தொழுவத்தில் படுக்க வைத்தார்கள், தட்டைத் தள்ளிவிடுவார்கள், பிள்ளையைத் தூக்க விடவில்லை. தொண்ணூறு ஊசி போட்டேன். நோய் போனது, காதும் அதோடு போனது. அசிங்கம் என்று டைபாய்டு ஆக்கிவிட்டோம். டிபி என்று நீ எழுதியதும் விளக்குப் போட்டேன் என்றால், அதில் பிழைத்த ஒருத்தியை எனக்குத் தெரியும் என்பதால்தான். மற்றதில் பிழைத்தவள் ஒருத்தியையும் இந்த ஊரில் எனக்குத் தெரியாது.

ராஜம்மா கோவில்பட்டியில் வேறு சாதி ஆளைக் கட்டிக்கொண்டாள். ஆறாம் மாதம், வளைகாப்புப் போடுகிறோம் என்று சொல்லி வேன் வைத்துக் கூட்டி வந்தார்கள். மறுநாள் காய்ச்சலில் போய்விட்டாள் என்றார்கள். ஊரே அப்படித்தான் சொன்னது, நானும் சொன்னேன். அந்த வேனில் உன் அப்பாவும் போயிருந்தார். அவர் சாகிற வரைக்கும் நான் அதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உன் அண்ணன் இப்போது அந்த ஆட்களோடுதான் சுற்றுகிறான். ராஜம்மா கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குக் காது கேட்காது என்று என் முன்னாலேயே பேசுகிறார்கள். உதட்டைப் படிக்கத் தெரியும் எனக்கு.

வராதே என்று நான் எழுதியது உன்னை அருவருத்து இல்லை. நீ வந்துவிடக் கூடாது என்று எவ்வளவு அசிங்கமாக எழுத முடியுமோ அவ்வளவு எழுதினேன்.

உனக்கு டிபி என்று அண்ணனிடம் சொன்னேன். "இங்க கூட்டிட்டு வந்துராத, எனக்குப் பொண்ணு பாக்கற நேரம்" என்றான். உன்னோடு பேசிய போனை வேட்டியில் துடைத்தான். போன் வழியாகத் தொத்துமா என்று என்னிடமே சைகையில் கேட்டான். அதனால் இப்போதைக்கு அங்கேயே இரு.

அம்மா

*

மண்ணூர்
20.7.2025

அன்புள்ள அம்மாவுக்கு. நான் நலம், இந்தத் தடவை நிஜமாகவே. போன வாரம் கடைசி மாத்திரை. ஐம்பது கிலோ. கட்டி இருந்த இடத்தில் தழும்பு மட்டும். உன் கண் எப்படி இருக்கிறது?

இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் அப்பாவின் முகம் வந்தது. சின்ன வயதில் அவர் மடியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அந்தக் கையால் ஊட்டிய சோற்றை நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது. உனக்கு எழுதிய கடிதத்தை நினைத்தாலும் அப்படித்தான். சுண்டல் என்று எழுதினேனே.

யாக்கோபு யார் என்று கேட்டாய், நான் சொல்லவில்லை. விடுதியில் விஷயம் தெரிந்த அன்று என் தட்டையும் பாயையும் வாசலில் வைத்துவிட்டார்கள். யாக்கோபு அவர் வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவர் அம்மா லூர்தம்மாள் சொம்பில் மோர் கொண்டு வந்தார். எனக்குத் தனி டம்ளர் போதும் என்றேன். "இன்னாத்துக்கு? உன்குது தொத்தாதுன்னு டாக்டரே சொல்ட்டாங்கல்ல. எல்லாம் இந்த வூட்டுச் சொம்புதான், குடி" என்றார். நான் குடித்துவிட்டு வைத்த சொம்பில் மீதியை அவர் குடித்தார். ஏழு மாதத்தில் என்னை அருவருக்காத முதல் வாய். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

இப்போது அவர்கள் தெருவில்தான் தனி அறையில் இருக்கிறேன். அம்மா, நீ முதலில் என்ன நினைத்துப் பயந்தாயோ அது அப்போது இல்லை. இப்போது இருக்கிறது. நானும் யாக்கோபும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம். ஆகஸ்டில் பதிவு அலுவலகத்தில் மனு கொடுக்கலாம் என்றிருக்கிறோம். சொந்த ஊர்ப் பக்கத்து அலுவலகத்துக்கும் அறிவிப்பு அனுப்பி முப்பது நாள் ஒட்டுவார்களாம். ஒளிந்துகொண்டு கட்ட எனக்கு இஷ்டமில்லை. அண்ணன் பார்க்கட்டும். நீ என்ன சொல்கிறாய்?

உன் மகள்
மாரிசெல்வி

*

நடுவக்குளம்
25.7.2025

என் மகளுக்கு. கண் பரவாயில்லை. நீ ஐம்பது கிலோ என்று படித்ததும் வயிறு குளிர்ந்தது.

மனு கொடுக்காதே. அந்தக் காகிதம் இங்கே வந்து ஒட்டின அன்றே அண்ணன் கைக்குப் போய்விடும். அவர்கள் கோயிலில் பாதிரியாரைக் கேட்டு அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஒளிந்து கட்டுவதில் ஒரு வெட்கமும் இல்லை. போன் நம்பரை மாற்று. வேலையையும் அறையையும் மாற்று. எங்கே என்று எனக்கு எழுதாதே. எனக்குத் தெரியாததை என்னிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. லூர்தம்மாளுக்கு என் கும்பிடு.

நான் இங்கே ஒன்று செய்யப்போகிறேன். நீ ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாய் என்று சொல்லப்போகிறேன். டிபி முற்றிவிட்டது, தொத்தும் என்று உடம்பைத் தரவில்லை, அங்கேயே எரித்துவிட்டார்கள் என்று சொல்வேன். ஆஸ்பத்திரியில் இருந்து கடிதம் வந்தது என்று காட்ட உன் பழைய அட்டை நகல் இருக்கிறது. காசநோய் என்ற எழுத்தைப் பார்த்ததும் அண்ணன் மேற்கொண்டு படிக்க மாட்டான். அந்தக் காகிதத்தைக் கையால் தொடவும் மாட்டான். உன்னைத் தேடி மண்ணூர் வரவும் மாட்டான், நோய் இருந்த இடம் என்று பயப்படுவான். ராஜம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொன்னபோது நம்பின ஊர்தானே, உனக்கும் நம்பும்.

அழச் சொல்லித் தர வேண்டாம் எனக்கு.

ஆவணி ஐந்தாம் தேதி உனக்குப் பதினாறாம் நாள் வருகிற மாதிரி கணக்குப் பண்ணியிருக்கிறேன். சொந்தக்காரர்கள் வருவார்கள், இலை போட்டு உன் படத்துக்கு முன்னால் படைப்பேன். அன்றைக்கு நீ அங்கே வயிறு நிறையச் சாப்பிடு.

அம்மா